செய்தி சொல்லும் இடத்தில் நம் பிள்ளைகள் எங்கே?

 

"டி.வி.க்காரன் நம்மைப் பற்றித் தப்பாகவே சொல்கிறான்." நெல்பேட்டை டீக்கடையிலும் மேலூர்ச் சந்தையிலும் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. கோபம் நியாயமானதே. ஆனால் அந்தச் செய்தியை எழுதும் மேசைக்கு உங்கள் தெருவிலிருந்து எத்தனை பேரை அனுப்பினீர்கள்?

ஜார்ஜ் அழகையாவை அறிவீர்களா? 1955இல் கொழும்பில் பிறந்த தமிழர். இலங்கையில் தமிழர் நிலை மோசமாகவே, 1961இல் பொறியாளரான அவருடைய தந்தை குடும்பத்தோடு ஆப்பிரிக்காவின் கானாவுக்குப் போனார். அங்கே வளர்ந்த சிறுவன், பிறகு இங்கிலாந்தில் படித்தான்.

எடுத்த எடுப்பிலேயே அவர் திரையில் தோன்றிவிடவில்லை. 'சவுத்' என்ற இதழில் 7 ஆண்டுகள் எழுதினார். 1989இல் பி.பி.சி.யில் சேர்ந்தார். சோமாலியாவின் பஞ்சத்தையும் ருவாண்டாவின் படுகொலைகளையும் உலகுக்குச் சொன்னார். 2003 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள், பிரிட்டன் மக்கள் மாலை 6 மணிச் செய்தியை இந்தத் தமிழரின் வாயால் கேட்டார்கள். 2023இல் புற்றுநோயால் மறைந்தார்.

சோமாலியாவில் பிறந்த ரகே ஒமரும் அப்படித்தான். 2003 ஈராக் போரின்போது பாக்தாதிலிருந்து பி.பி.சி.க்குச் செய்தி தந்தவர். பிறகு அல் ஜஸீராவின் ஆங்கில அலைவரிசையில் பணியாற்றியவர்.

இவர்கள் யாருக்கும் வக்காலத்து வாங்கப் போனவர்கள் அல்லர். கண்டதைச் சொன்னார்கள். ஆனால் ஆப்பிரிக்கா என்றால் பஞ்சமும் சண்டையும் மட்டுமல்ல, உழைத்து வாழும் மக்களும் உண்டு என்பது அங்கே வளர்ந்தவருக்குத் தெரியாதா? நம் தெருவும் அப்படியே. கலவரம் நடந்த அன்று மட்டும் கேமராவோடு வருபவருக்கு, மற்ற 364 நாட்கள் அந்தத் தெரு எப்படி வாழ்கிறது என்பது எப்படித் தெரியும்?

வணிகர்களே! கல்யாண மண்டபத்துக்கு வாடகை பார்க்காமல் கொடுக்கிறீர்கள். பிள்ளை இதழியல் படிக்கிறேன் என்றால் மட்டும், "அதில் என்ன வருமானம்?" என்கிறீர்கள். உண்மைதான், தொடக்கத்தில் சம்பளம் குறைவு. அதனால்தான் உங்கள் கை தேவைப்படுகிறது. ஒரு ஜமாஅத்துக்கு ஒரு பிள்ளை என்று எடுத்து, பத்துக் கடைக்காரர்கள் செலவைப் பகிர்ந்தால் யாருக்கும் பாரமில்லை. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பிரிக்காதீர்கள்.

இளைஞர்களே! மைக்கைப் பிடிக்கும் முன் பேனாவைப் பிடியுங்கள். தினமும் தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். வறண்ட கண்மாய், சந்தை விலை, குடிநீர் வராத தெரு என உங்கள் ஊரிலேயே ஆயிரம் செய்திகள் கிடக்கின்றன. நம்மவர் தவறு செய்தாலும் அதையும் எழுதும் துணிவு வேண்டும். அப்போதுதான் நீங்கள் சொல்வதை ஊர் நம்பும்.

அடுத்த முறை கேமரா உங்கள் தெருவுக்கு வரும்போது, அதன் பின்னால் நிற்பவர் அந்தத் தெருக்காரராக இருப்பாரா? சிந்தியுங்கள்!