ஒரே லாகின், மொத்த வளாகமும் திறக்கும்: பல்கலைக்கழகக் கணக்கைக் காப்பது எப்படி?

ஒரு பேராசிரியரின் சம்பளத்தைத் திருட அவருடைய வங்கிக் கணக்கில் கைவைக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக லாகின் கிடைத்தாலே போதும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைக் குறிவைத்த ஒரு கும்பலைப் பற்றி 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் காட்டியது. அந்த ஆண்டு மார்ச் முதல் மூன்று பல்கலைக்கழகங்களில் 11 கணக்குகள் கைப்பற்றப்பட்டன. அவற்றிலிருந்து 25 பல்கலைக்கழகங்களில் உள்ள சுமார் 6,000 மெயில் கணக்குகளுக்குப் போலி மெயில்கள் பறந்தன. சிக்கியவரின் மெயிலுக்குள் புகுந்தவர்கள், அதே லாகினைக் கொண்டு 'வொர்க்டே' என்ற பணியாளர் தளத்துக்கும் போனார்கள். சம்பளம் போக வேண்டிய வங்கிக் கணக்கை மாற்றினார்கள். மாற்றத்தைத் தெரிவிக்கும் மெயில் கண்ணில் படாமல் தானாக அழியும்படியும் அமைத்துவைத்தார்கள். வொர்க்டே மென்பொருளில் எந்த ஓட்டையும் இல்லை, ஏமாற்றப்பட்டது மனிதர்கள்தான்.

ஒற்றை உள்நுழைவு எப்படி வேலை செய்கிறது?

பொழுதுபோக்குப் பூங்காவில் வாசலில் ஒருமுறை டிக்கெட் வாங்கினால் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். அதைக் காட்டி எந்த ராட்டினத்திலும் ஏறலாம். 'சிங்கிள் சைன்-ஆன்' எனப்படும் ஒற்றை உள்நுழைவும் அப்படித்தான். பல்கலைக்கழகத்தின் மைய லாகின் பக்கத்தில் மட்டும் பாஸ்வேர்டு கொடுக்கிறோம். அது சரிபார்த்து, உங்கள் பிரவுசரில் ஒரு பட்டையைக் கட்டிவிடுகிறது. நூலகம், மதிப்பெண், கட்டணம், மெயில் எல்லாம் அதைப் பார்த்தே உள்ளே விடுகின்றன.

இந்தியாவிலும் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் 'இன்ஃபெட்' சேவை வழியாக, கல்லூரி லாகினைக் கொண்டே வீட்டிலிருந்து ஆய்விதழ் படிக்கும் வசதி பல கல்வி நிறுவனங்களில் இருக்கிறது.

இதில் ஒரு நன்மை உண்டு. பாஸ்வேர்டு கேட்கும் உரிமை ஒரே ஒரு பக்கத்துக்குத்தான். வேறு எந்தப் பக்கம் கேட்டாலும் சந்தேகப்படலாம். ஆபத்தும் அதே இடத்தில்தான்: அந்த ஒரு பக்கத்தைப் போலச் செய்துவிட்டால் எல்லாக் கதவும் திறந்துவிடும்.

போலிப் பக்கத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

2018 மார்ச்சில் ஈரானியர் ஒன்பது பேர் மீது அமெரிக்க நீதித்துறை குற்றம்சாட்டியது. 144 அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், வேறு 21 நாடுகளில் 176 பல்கலைக்கழகங்கள் எனப் பரந்த வலை அது. சுமார் 8,000 பேராசிரியர்களின் கணக்குகள் உடைக்கப்பட்டன என்றும், 31.5 டெராபைட் தகவல் திருடப்பட்டது என்றும் குற்றச்சாட்டு கூறியது. உத்தி ரொம்ப எளிமையானது. 'உங்கள் கட்டுரையைப் படித்தேன்' என்று வேறொரு பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுதுவதுபோல ஒரு மெயில். உள்ளே இருக்கும் இணைப்பைச் சொடுக்கினால், சொந்தப் பல்கலைக்கழகத்தின் லாகின் பக்கம் போலவே ஒன்று திறக்கும். ஏதோ தவறி லாக்-அவுட் ஆகிவிட்டது என்று நினைத்து, மறுபடி பாஸ்வேர்டைத் தட்டுவார்கள்.

பக்கத்தின் லோகோவையும் நிறத்தையும் யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். பூட்டுச் சின்னமும் உத்தரவாதம் இல்லை; போலித் தளத்திலும் அது வரும். பார்க்க வேண்டியது முகவரியைத்தான். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோடு வரை பாருங்கள். அந்தப் பகுதியின் கடைசியில் உங்கள் பல்கலைக்கழகத்தின் முகவரி அப்படியே இருக்க வேண்டும். அதன் பெயர் முன்னால் எங்கோ வருவது போதாது. இதைவிடச் சுலபமான வழி, லாகின் பக்கத்தை புக்மார்க் செய்துவைத்து எப்போதும் அதன் வழியாகவே போவது.

ஓடிபி இருக்கே, அப்புறம் என்ன பயம்?

போலிப் பக்கம் இன்று இடைத்தரகர் போலச் செயல்படுகிறது. நீங்கள் தட்டும் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் அந்த நொடியே உண்மையான தளத்துக்கு அனுப்பி, கிடைக்கும் பட்டையைத் திருடன் தன் கையில் கட்டிக்கொள்கிறான். 2025 தாக்குதலிலும் இந்த உத்தி பயன்பட்டது. அதற்காக ஓடிபி வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. பாஸ்வேர்டு மட்டும் இருப்பதைவிட அது மேல். ஆனால் பாஸ்கீ அதையும்விடப் பாதுகாப்பானது. அது உண்மையான முகவரியோடு கட்டப்பட்டது. போலித் தளத்தில் வேலை செய்யாது. இன்னொன்று: நீங்கள் லாகின் செய்யாத நேரத்தில் 'நீங்கள்தானா?' என்று போன் கேட்டால், 'இல்லை' என்றே அழுத்துங்கள்.

டேபை மூடினால் போதாதா?

போதாது. நூலகத் தளத்தில் லாக்-அவுட் செய்தாலும் மைய லாகின் உயிரோடு இருக்கலாம். பட்டை இன்னும் கையில்தான் இருக்கிறது. அடுத்து உட்காருபவர் உங்கள் மெயிலைத் திறக்கலாம். பொதுக் கணினியில் பிரைவேட் விண்டோவில் வேலை செய்து, முடிந்ததும் அந்த விண்டோக்கள் எல்லாவற்றையும் மூடுவதே நல்லது.

மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்?

பாஸ்வேர்டை மாற்றுவது முதல் வேலை, ஆனால் அதோடு முடியாது. திருடர்கள் சிலருடைய கணக்கில் தங்கள் போன் எண்ணையே சரிபார்ப்புக்குப் பதிவுசெய்துகொண்டார்கள். எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். பதிவான போன்கள், மெயில் விதிகள், வங்கி விவரம் மூன்றையும் பாருங்கள். உடனே ஐடி பிரிவுக்குச் சொல்லுங்கள்.

சொல்வதில்தான் பலர் தயங்குகிறார்கள். 2025 தாக்குதலில் ஒரு நிறுவனத்தில் 500 பேருக்குப் போலி மெயில் போனது. சந்தேகம் என்று புகார் செய்தவர்கள் சுமார் 10 சதவீதம். மெயிலைக் கண்டுகொள்ளாமல் அழித்தவர் தன்னைக் காத்துக்கொண்டார். புகார் செய்தவர், அதை இன்னும் திறக்காத சக ஊழியரின் சம்பளத்தையும் காத்தார்.