தண்ணிக்கடியில மந்திரிசபை, கரையில டீசல்!

2009 அக்டோபர்ல மாலத்தீவு அதிபர் நஷீத் கடலுக்கடியில மந்திரிசபைக் கூட்டம் போட்டாரே, ஞாபகம் இருக்கா மக்களே? அதே வருஷந்தான் பத்து வருஷத்துல கார்பன் சமநிலைன்னும் அறிவிச்சார். 2020 வந்துச்சு, போயிருச்சு. சோலார் கொஞ்சம் கூடியிருக்கு. ஆனா கரண்ட்டுல பெரும்பங்கு இன்னும் டீசல்தான்!

"எல்லாத் தீவுலயும் கரண்ட் இருக்கே, அப்புறமென்ன?"ன்னு சிலர் கேக்குறாங்க. இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா எப்படி? மக்கள் வாழுற தீவுகளே 190க்குப் பக்கம். பெரும்பாலும் தீவுக்கு ஒரு ஜெனரேட்டர் கூடம். அத்தனைக்கும் கப்பல்லயும் படகுலயும் டீசல் போகணும். பல தீவுகள்ல கடல் தண்ணியக் குடிதண்ணியாக்குற மெஷினும் அந்தக் கரண்ட்டுலதான் ஓடுது. டீசல் தீர்ந்தா விளக்கு மட்டுமில்ல, குடிதண்ணியும் போச்சு!

"அந்தக் குட்டி நாடு புகையை நிறுத்தினா உலகம் பொழச்சிருமா?"ன்னு இன்னொரு கேள்வி. பொழைக்காதுங்க. இது உலகத்தைக் காப்பாத்துற கதையே இல்ல. எங்கயோ சண்டை வந்து எண்ணெய் விலை ஏறினா, மானியம் கொடுத்தே கஜானா காலியாகுற கதை.

இடமில்லையாம்! பள்ளிக்கூடம், துறைமுகக் கொட்டகை, ஆஸ்பத்திரிக் கூரையெல்லாம் எதுக்கு இருக்கு? ராத்திரிக்கு பேட்டரி. அது கெட்டா சரிபண்ண அந்தந்தத் தீவுலயே பயிற்சி எடுத்த ரெண்டு பேர். இதுக்குத்தான் முதல்ல காசு ஒதுக்கணும்.

2023 துபாய் மாநாட்டுல புது அறிவிப்பு: 2028க்குள்ள 33 சதவீதம். நல்லது. ஆனா இந்தத் தடவை மொத்தக் கணக்கு வேணாம் சாமி. எந்தத் தீவுல எத்தனை லிட்டர் டீசல் குறைஞ்சுது? வருஷாவருஷம் அதைச் சொல்லுங்க, போதும்.