ஆரணியாறு காட்டும் வழி



சாலைப் பயணச் சிறப்பிதழ் என்று அறிவித்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலை, கொங்கணக் கரை, தனுஷ்கோடி என்று கட்டுரைகள் வந்து குவிந்தன. நல்லவற்றை உள்ளே தந்திருக்கிறோம். இந்தப் பக்கத்தில் நான் உங்களைக் கூட்டிப்போக விரும்புவது யாரும் எழுதி அனுப்பாத ஒரு வழியில். ஆந்திரத்தின் நகரியில் கிளம்பித் தமிழ்நாட்டின் பழவேற்காட்டில் கடலைத் தொடும் வழி அது.

நகரி மலையில் மூக்கு நீட்டி நிற்கும் சிகரத்தை நகரிக்காரர்கள் அறிவார்கள். ஏறத்தாழ 850 மீட்டர் உயரம். சோழமண்டலக் கரை தட்டையானது. தொலைவிலிருந்து வரும் கப்பலுக்குக் கரை எளிதில் தெரியாது. ஆகவே பாய்மரக் காலத்து மாலுமிகள் இந்த 'நகரி மூக்கை'க் குறியாக வைத்துத்தான் கரையை நெருங்கினார்கள். கடலில் இருந்தவர்களுக்கு நம் மலை அவ்வளவு நெருக்கம். மலையடியில் இருக்கும் நமக்கோ, கடல் என்றால் சென்னைக்குப் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்றாகவே இருக்கிறது.

உண்மையில் நம் ஊர் மழைநீர் கடலுக்குத்தான் போகிறது. நகரியாறு பூண்டி நீர்த்தேக்கத்தில் கொசஸ்தலையாற்றோடு சேர்ந்து எண்ணூரில் கடலை அடைகிறது. சற்று வடக்கே நாகலாபுரம் பக்கத்து ஓடைகள் ஆரணியாற்றில் விழுந்து பழவேற்காடு ஏரிக்குப் போகின்றன. இந்த ஆரணியாற்றைத் தொட்டும் விட்டும் ஒரு சாலை போகிறது. காலையில் கிளம்பினால் மாலைக்குள் ஏரிக்கரை. ஆனால் நிற்க வேண்டிய இடங்களில் நின்று போங்கள்.

புத்தூர் தாண்டியதும் நாராயணவனம். பத்மாவதித் தாயாரை வேங்கடவன் மணந்த ஊர் என்று போற்றப்படும் தலம். அடுத்து, ஊத்துக்கோட்டைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் கைலாசகோனை. பாறையிடுக்கிலிருந்து விழும் அருவி, கோடையிலும் வற்றாதது. பிச்சாட்டூரில் ஆரணியாற்றின் அணை. நாகலாபுரத்தில் வேதநாராயணர் கோயில். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாள் பெயரால் அமைத்த ஊர். மச்சாவதாரப் பெருமாள் மேல் பங்குனியில் மூன்று நாள் மாலை வெயில் நேரே விழும்படி கோயிலைக் கட்டியிருக்கிறார்கள். மலைநாட்டுக் கோயிலில் மீன் வடிவில் பெருமாள்! அடுத்த நிறுத்தம் ஆற்றங்கரையிலேயே இருக்கும் சுருட்டப்பள்ளி. ஆலகால விஷமுண்ட களைப்பில் அம்பிகை மடியில் தலைசாய்த்துப் படுத்திருக்கும் சிவனை வேறெங்கும் எளிதில் காண முடியாது.

தமிழ்நாட்டு எல்லை தாண்டினால் ஊத்துக்கோட்டை. பெருமழை ஆண்டுகளில் பிச்சாட்டூர் அணை திறக்கப்பட்டு இங்கே தரைப்பாலம் மூழ்கியதுண்டு. இந்த எல்லைக்கும் ஒரு கதை உண்டு. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது; சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. கோடு மாறியது. ஆற்றின் போக்கு மாறவில்லை, இருகரைக்காரர்களின் கொடுக்கல் வாங்கலும் மாறவில்லை. பெரியபாளையத்தம்மனைக் கும்பிட்டு, பொன்னேரி வழியாகப் போனால் காற்றில் உப்பு வாசம் ஏறும்.

பழவேற்காட்டில் அவசரப்படாதீர்கள். சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து, 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டி, இந்தக் கரையின் துணிகளைக் கீழைத்தீவுகளுக்கு ஏற்றிப்போய் நறுமணப் பொருள் வாங்கினார்கள். கோட்டை இருந்த இடத்தில் இன்று புதர் மண்டியிருக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறைக் காவலில் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த நகரி வாசகர்கள் இங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பார்கள் என்று நினைக்கிறேன். உலகக் கடல்களையெல்லாம் இந்தக் கரைக்கு இழுத்தது நெசவாளியின் கைதான்.

இன்றைய பழவேற்காட்டையும் பாருங்கள். எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று மீனவர்கள் தமக்குள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் 'பாடு' வழக்கம் தலைமுறைகளாக நடக்கிறது. இடுப்பளவு நீரில் இறங்கி வெறுங்கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்கள், பனையோலைப் பெட்டி முடையும் இஸ்லாமியப் பெண்கள் என எல்லாரும் வாழ்வது இந்த ஏரிக்கரையில்தான். குளிர்காலத்தில் பூநாரைகளும் வந்துவிடும். இன்னொரு நாள் கிடைத்தால் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டா போகும் சாலையில் ஏரியின் வடபகுதியைப் பாருங்கள். அங்கிருந்து நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தில் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடாக்களையும் பார்த்துவிடலாம். 2022இல் உருவான திருப்பதி மாவட்டத்தில் ஏழுமலையும் ஏரியின் இந்த வடகரையும் ஒன்றாகவே இருக்கின்றன.

இவ்வளவும் சொல்லக் காரணம் உண்டு. ஏரி இன்று தவிக்கிறது. முகத்துவாரத்தில் மணல் அடைத்தால் கடல்நீர் வராது. நீர் வராவிட்டால் மீன் இல்லை. ஆழமும் குறைந்துகொண்டே வருகிறது. இதோடு மேலேயிருந்து வரும் குப்பையும் சேர்கிறது. அருவிக்கரையில் நாம் விட்டுவரும் தண்ணீர்ப் பாட்டிலும் பிரியாணிப் பொட்டலமும் அடுத்த வெள்ளத்தில் ஆற்றோடு கிளம்பிவிடும். ஆற்றோடு இறங்கிப் போய் ஏரியைப் பார்த்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். மலையில் ஒரு பொட்டலத்தைக் கீழே போடும்போதே யாருடைய வலையில் அது சிக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பயணத்தால் நமக்குக் கிடைக்கும் படிப்பினை இதுதான் என்று நம்புகிறேன்.

ஆகவே போய்வாருங்கள். மழைநாளில் அருவிப் பக்கம் வேண்டாம். மலையோடையில் வெள்ளம் சொல்லாமல் வரும். வனத்துறை அனுமதியை முன்பே விசாரியுங்கள். படகில் உயிர்காப்பு உடை இல்லையென்றால் ஏறாதீர்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அந்தந்த ஊர்க் கடையில் சாப்பிட்டு, ஓர் ஓலைப்பெட்டியாவது வாங்குங்கள். உங்கள் ஊர் ஆறு எங்கே கடலைத் தொடுகிறது என்று பார்த்து எழுதுங்கள். வரும் இதழ்களில் அந்தப் பயணங்களுக்குத் தனிப் பக்கங்கள் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்