பௌர்ணமிக்கு மறுநாளும் திருவண்ணாமலை அங்கேதான் இருக்கிறது

“பௌர்ணமியன்று போ, மலையைச் சுற்று, சாமி கும்பிடு, விடிவதற்குள் பஸ் ஏறு. தங்கிப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை.” திருவண்ணாமலையைப் பற்றிச் சென்னையிலும் பெங்களூரிலும் யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். ஊர் சுற்றத் திட்டம் போட்டுக் கொடுப்பவர்களும் தஞ்சாவூருக்கு இரண்டு நாள், மாமல்லபுரத்துக்கு ஒரு நாள் என்று தாராளமாக ஒதுக்கிவிட்டு, இந்த ஊரை மட்டும் ஓர் இரவோடு முடித்துவிடுகிறார்கள். இந்தப் பேச்சில் உண்மை கொஞ்சம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பௌர்ணமி. கிரிவலம் பழைய வழக்கம். மாதம் தவறாமல் முழுநிலவன்று லட்சக்கணக்கில் கூடுவதோ கடந்த சில பத்தாண்டுகளில் பெருத்த பழக்கம். பாதை 14 கிலோமீட்டர். அதற்குப் பூட்டும் இல்லை, நாளும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் செவ்வாய்க்கிழமை சுற்றுகிறார்கள், பிரதோஷத்துக்குச் சுற்றுகிறார்கள், தூக்கம் வராத விடியற்காலையிலும் சுற்றுகிறார்கள். 1926 வரை அடியார்களோடு வலம் வந்துகொண்டிருந்த ரமண மகரிஷி, அங்கங்கே தங்கி ஒரே சுற்றை இரண்டு மூன்று நாள்கூட நீட்டியதுண்டு. பௌர்ணமிக் கூட்டத்தில் போகிறவருக்குத் தெரிவது முன்னால் நடப்பவரின் முதுகு. கூட்டமில்லாத நாளில் மலை தெரியும். கிழக்கே ஒற்றை முக்கோணமாக நிற்பது, ஆதி அண்ணாமலை தாண்டிக் குபேர லிங்கத்தை நெருங்கும்போது ஐந்து முகடாகப் பிரிந்துவிடும். இதைப் பார்க்காமல் மலையைச் சுற்றினேன் என்று சொல்வதில் என்ன பொருள்?

அடுத்தது, கோயில் என்பது ஒரு தரிசனம், அதிகம் போனால் இரண்டு மணி நேரம் என்ற கணக்கு. வரிசையில் நிற்கும் நேரத்தைக் கோயில் பார்த்த நேரமாக எண்ணுவதால் வந்த வினை இது. ஏறத்தாழ 25 ஏக்கர், ஒன்பது கோபுரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம், ஓர் ஆள். 217 அடி ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர், முடித்தவர் தஞ்சை செவ்வப்ப நாயக்கர். அது பேரரசர்கள் வேலை, ஆச்சரியமில்லை. வடக்கே போய் அம்மணி அம்மன் கோபுரத்தைப் பாருங்கள். 171 அடி. நாடும் படையும் கஜானாவும் இல்லாத ஒரு துறவிப் பெண் வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்த பணத்தில் எழுந்தது. கூலிக்குக் காசில்லாத நாளில் அவர் விபூதி கொடுத்தார், அது உரிய கூலியாக மாறியது என்று ஊர் சொல்லும். கதை கிடக்கட்டும், ஒரு பெண்ணின் பெயரில் இவ்வளவு உயரமான கோபுரம் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

உள்ளே வந்தால் வல்லாள கோபுரம். துவாரசமுத்திரம் டில்லிப் படைகளால் சீரழிந்த பிறகு இந்த ஊரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர், 1340களில் மதுரை சுல்தானோடு நடந்த போரில் உயிரிழந்தார். பிள்ளையில்லாத அவருக்கு அண்ணாமலையாரே பிள்ளை என்பது ஐதீகம். ஐதீகம் என்று சொல்லி நிறுத்திவிடவில்லை இந்த ஊர். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று சாமி பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போய், மகன் முறையில் வல்லாளருக்குத் திதி கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. கன்னடத்து அரசருக்குத் தமிழ்நாட்டுச் சிவன் செய்யும் இந்தக் கடனைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் பெரிதாக வருவதில்லை. பௌர்ணமிக்கு வருகிற பஸ்களில் பத்தில் ஒன்று அன்றைக்கு வந்தாலும் போதும்.

ஆசிரமங்களும் வெளிநாட்டுக்காரர்களும் தவிர வேறில்லை என்பது இன்னொரு குறை. செங்கம் ரோட்டின் காபிக் கடைகளைப் பார்த்தால் அப்படித் தோன்றும்தான். ஆனால் 1896-ல், பின்னாளில் ரமணரான திருச்சுழிப் பையன் ஒருவன் வந்து ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்தருகே உட்கார்ந்ததையும், 1938-ல் எழுத்தாளர் சாமர்செட் மாம் அவரைப் பார்க்க வந்ததையும், 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது புகைப்படக்காரர் கார்ட்டியே பிரெஸோன் ஊரில் இருந்ததையும் அந்தக் கடைகளை வைத்து எடைபோட முடியாது. ரமணாசிரமத்தின் பின்வாசலிலிருந்து ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் கற்பாதையில் அரை மணி நடந்தால் கோயில் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். பக்தி இல்லாதவரும் ஏறலாம்.

சுற்றுவட்டாரத்தில் எதுவுமில்லை என்பதுதான் இருப்பதிலேயே பெரிய பொய். மேற்கே செங்கம். மலைபடுகடாமில் பாடப்பட்ட சங்க கால அரசன் நன்னனின் ஊர். பத்துப்பாட்டில் ஒரு பாட்டு முழுக்க இந்தப் பக்கத்து மலைகளும் ஆறும் வழியும்தான். அந்த நன்னனின் நவிரமலை என்று சொல்லப்படும் பர்வதமலை இன்றும் ஏறுகிறவரின் மூச்சை வாங்கிவிடுகிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் தனி உலகம். எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது, பெயர் கோவிவன். கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்று மகேந்திரவர்மன் காலத்துக் கல்லெழுத்து அதற்குச் சான்று கொடுக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும். வேறென்ன வேண்டும் ஒரு பயணத்துக்கு?

வடக்கே போளூரைத் தாண்டினால் திருமலை. பாறையில் ஏறத்தாழ 16 மீட்டர் உயரச் சிலையாகச் சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதர் நிற்கிறார். குந்தவை பெயரில் ஜினாலயம். முதலாம் ராஜேந்திரனின் படை கங்கை வரை போன செய்தியைச் சொல்லும் கல்வெட்டும் இங்கேதான். வரலாற்றுப் பாடத்தில் இதைப் படித்தவர்களில் எத்தனை பேர் ஊரைப் பார்த்திருக்கிறார்கள்! கிழக்கே செஞ்சிக் கோட்டை. 2025-ல் மராத்தியர் கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சாத்தனூர் அணை, ஜவ்வாது மலை, சாமை விளையும் ஜமுனாமரத்தூர் எல்லாம் ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரம்தான்.

சரி, உண்மையான குறை: வெயில். சித்திரை, வைகாசியில் கோயில் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கிரிவலத்தை அந்தி சாய்ந்த பிறகு வைத்துக்கொள்வதே நல்லது. பௌர்ணமியன்று அறை வாடகையும் ஆட்டோக் கூலியும் ஏறுவதும் உண்மை. ஆனால் அது ஊரின் குணமல்ல, நாம் தேர்ந்தெடுத்த நாளின் குணம். மார்கழியிலிருந்து மாசி வரை ஏதாவதொரு புதன்கிழமை வந்து பாருங்கள். சென்னைக் கடற்கரையிலிருந்து 2024 முதல் நேராக ரயில் இருக்கிறது.

கூட்டம் வந்தால்தானே ஊர் பிழைக்கும் என்பார்கள். ஓர் இரவில் வந்து போகிறவர் விட்டுச் செல்வது பெரும்பாலும் பிளாஸ்டிக் தம்ளர். மூன்று நாள் தங்குகிறவரின் பணம் மெஸ்ஸுக்கும் கார்க்காரருக்கும் செங்கத்து டீக்கடைக்கும் போகிறது. மலையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்குப் பொதுமக்கள் மலையேற அனுமதி கிடைக்கவில்லை.

தீபத்துக்காவது அந்த நாளில்தானே போயாக வேண்டும் என்பது கடைசி வாதம். கொப்பரையில் ஏற்றும் கணத்தைப் பார்க்க வேண்டுமானால் ஆம், நெரிசலைத் தாங்கித்தான் ஆகவேண்டும். தீபத்தைப் பார்ப்பதற்கு அவசரமே இல்லை. 2,668 அடி உச்சியில் அது 11 நாள் எரிகிறது. ஐந்தாம் நாள் போனால் அறையும் கிடைக்கும்.