யார் இந்த தாம் பெல்? பாடகரைத் தெரியும்... பாட்டைச் செதுக்கியவரைத் தெரியுமா?

'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' படத்தில் கார்டியன்ஸ் குழு விண்கலத்தில் அறிமுகமாகும் காட்சி ஞாபகம் இருக்கா? அங்கே ஒலிக்கும் பழைய துள்ளல் பாட்டின் பெயர் 'தி ரப்பர்பேண்ட் மேன்'. 1976-இல் வெளியாகி, பில்போர்டு பட்டியலில் 2-ஆம் இடம் வரை போன பாட்டு.

பாடியது 'ஸ்பின்னர்ஸ்' குழு. ஆனால் அதை உருவாக்கியவர் தாம் பெல். 2022 டிசம்பர் 22 அன்று 79 வயதில் அவர் காலமானார். அவர் பெயரைக் கேட்டால் பலருக்கும் தெரியாது. அது ஏன்?

அவருடைய வேலை என்ன?

தாம் பெல் சோல் இசையின் புரொட்யூசர், அரேஞ்சர். புரொட்யூசர் என்றதும் நம்ம ஊர் சினிமா தயாரிப்பாளர் மாதிரி பணம் போடுறவர்னு நினைக்க வேண்டாம். பாட்டு கடைசியில் எப்படி ஒலிக்கணும் என்பதை முடிவு செய்பவர்தான் இசை புரொட்யூசர்.

வயலின் எங்கே நுழையணும், ஹார்ன் எத்தனை வேணும், எந்த இடத்தில் எல்லாரும் சும்மா இருக்கணும் என்று நோட்ஸ் எழுதிக் கொடுப்பவர் அரேஞ்சர். சிறுவயதிலேயே கிளாசிக்கல் பியானோ கற்ற பெல், இந்த இரண்டு வேலையையும் பார்த்ததோடு பல பாடல்களுக்கு மெட்டும் போட்டார். அவரோடு அதிகம் சேர்ந்து வரிகள் எழுதியவர் லிண்டா கிரீட்.

அப்படி என்ன சாதித்தார்?

1968-இல் 'டெல்ஃபோனிக்ஸ்' குழுவை வைத்து ஹிட் கொடுத்தார். அடுத்து 'ஸ்டைலிஸ்டிக்ஸ்'. ஃபிரெஞ்ச் ஹார்ன், எலெக்ட்ரிக் சிதார் என சோல் பாட்டில் யாரும் எதிர்பார்க்காத வாத்தியங்களைக் கொண்டுவந்தார். இதுதான் 'பிலடெல்பியா சோல்' என்ற பாணிக்கு அடையாளமானது.

ஸ்பின்னர்ஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். மோடவுன் நிறுவனத்தில் பல ஆண்டுகள் இருந்தும் பெரிதாக மேலே வரவில்லை. 1972-இல் அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறி, பெல்லிடம் வந்தார்கள். அதே குழுதான், ஆனால் வரிசையாக ஹிட். 1974-இல் டியான் வார்விக்கோடு சேர்ந்து பாடிய பாட்டு பில்போர்டில் முதலிடம் பிடித்தது.

1975-இல் 'ஆண்டின் சிறந்த புரொட்யூசர்' என்ற கிராமி விருது முதன்முறையாக வழங்கப்பட்டது. அதை வாங்கியவர் தாம் பெல்.

சரி, பணம் யாருக்குப் போகும்?

இங்கேதான் விஷயமே இருக்கு. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று, மெட்டும் வரியும் சேர்ந்த பாடலின் உரிமை. இன்னொன்று, ஒலிப்பதிவின் உரிமை. அமெரிக்காவில் சாதாரண ரேடியோவில் பாட்டு ஓடினால் பாடலை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் வரும். பாடியவருக்கு வராது.

அரேஞ்சருக்கு? பெரும்பாலும் வேலைக்கான கூலி, அவ்வளவுதான்.

உதாரணம் பாருங்க. 1997-இல் மிஸ்ஸி எலியட் தன் 'சாக் இட் டு மீ' பாட்டில், டெல்ஃபோனிக்ஸ் பாட்டில் இருந்த ஹார்ன் இசையை எடுத்துப் பயன்படுத்தினார். அந்த ஹார்ன்தான் அரேஞ்ச்மென்ட். ஆனால் இப்படி மறுபயன்பாடு நடக்கும்போது ஒருவருக்குப் பங்கு கிடைப்பது, பொதுவாக அவர் பாடலை எழுதியவர் என்பதால்தான். அரேஞ்சர் என்பதால் அல்ல.

பெல் அந்தப் பாடலை எழுதியவர்களில் ஒருவர். கென்னி கேம்பிள், லியோன் ஹஃப் ஆகியோருடன் சேர்ந்து 'மைட்டி த்ரீ' என்ற பதிப்பு நிறுவனத்தையும் வைத்திருந்தார். அதனால் அவர் தப்பித்தார். வெறும் அரேஞ்சராக மட்டும் இருந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இன்றைக்கு என்ன நிலைமை?

இப்போது ஸ்ட்ரீமிங் செயலியில் 'கிரெடிட்ஸ்' தட்டிப் பாருங்க. பாடியவர், எழுதியவர், புரொட்யூசர் பெயர்கள் வரும். அரேஞ்சர் பெயர் பல நேரம் இருக்காது. பாட்டு ஆரம்பித்த இரண்டாவது நொடியில் 'அட, இந்தப் பாட்டு!' என்று நம்மைச் சொல்ல வைப்பது பல நேரம் அவர் எழுதிய இசைதான். பெயர் மட்டும் அங்கே இல்லை.