ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை: கான்கார் எப்படி ஓடுகிறது?

லெவல் கிராசிங்கில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, ‘கான்கார்’ என்று எழுதிய கன்டெய்னர்கள் வரிசையாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஷேர் மார்க்கெட் பக்கம் போகிறவர்களுக்கும் பழகிய பெயர்தான். கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா. ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இருக்கும் பொதுத்துறை நிறுவனம். ஆனால் அந்த ரயிலை இழுக்கும் இன்ஜின் கான்காருடையது அல்ல. தண்டவாளமும் அல்ல. லோகோ பைலட்கூட ரயில்வே ஊழியர்தான்.

அப்போ கான்காரிடம் என்னதான் இருக்கு? வேகன்கள், கன்டெய்னர்கள், தூக்கி இறக்கும் கிரேன்கள், நாடு முழுக்க முனையங்கள். ரயில்வேக்கு இழுவைக் கட்டணம் கட்டுகிறது. வாடிக்கையாளரிடம் வாங்குவதற்கும் அதற்கும் இடையில்தான் லாபம்.

1988 மார்ச்சில் தொடங்கப்பட்ட நிறுவனம், 1989 நவம்பரில் ரயில்வேயிடமிருந்து 7 உள்நாட்டு டிப்போக்களை வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தது. இவற்றை ‘உலர் துறைமுகம்’ என்பார்கள். கடல் இல்லாத டெல்லியில், துக்ளகாபாத் முனையத்திலேயே சுங்கச் சோதனை முடிந்துவிடும். சீல் வைத்த பெட்டி ரயிலேறி மும்பை அருகே நவசேவா துறைமுகத்துக்குப் போய், கப்பலேற வேண்டியதுதான் பாக்கி. சரக்கின் சொந்தக்காரர் துறைமுகத்துக்கு அலைய வேண்டாம். வட இந்திய ஏற்றுமதியாளர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசிச்சுப் பாருங்க.

நம் பக்கம் சென்னை தண்டையார்பேட்டையிலும் கோவை இருகூரிலும் கான்கார் முனையங்கள் உண்டு. ஆனாலும் திருப்பூர் பனியன் பெட்டிக்குத் தூத்துக்குடி வரை லாரிதான் தோது. ரயில் என்றால் இரண்டு முனையிலும் ஏற்றி இறக்கும் செலவு இருக்கிறது. தூரம் நீண்டால்தான் அது கட்டுப்படியாகும். மேற்கு சரக்கு வழித்தடத்தில் மின்கம்பியை உயர்த்திக் கட்டியிருப்பதால், பெட்டி மேல் பெட்டி அடுக்கி மின்சார இன்ஜினே இழுக்கிறது. நீண்ட தூரத்துக்கு அந்தக் கணக்கு இன்னும் லாபம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2006-ல் கன்டெய்னர் ரயில் ஓட்டத் தனியாருக்கும் கதவு திறக்கப்பட்டது. அவர்களும் அதே ரயில்வேக்குத்தான் இழுவைக் கட்டணம் கட்ட வேண்டும். ரயில்வே அமைச்சகம்தான் கான்காரின் முதலாளி, அதன் பல முனையங்களின் நிலத்துக்கு ரயில்வேதான் சொந்தக்காரர், கட்டணம் நிர்ணயிப்பதும் அதே ரயில்வே! போட்டியாளர்களின் கட்டணமும் அதே கையில்.

இதன் விளைவை 2020-ல் பார்த்தோம். அரசிடம் உள்ள 54.8% பங்கில் 30.8%-ஐ நிர்வாகத்தோடு சேர்த்து விற்க 2019 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருந்தது. சில மாதங்களில், அதுவரை கையாளும் கன்டெய்னர் எண்ணிக்கைப்படி வாங்கிய நில உரிமக் கட்டணத்தை, நில மதிப்பில் ஆண்டுக்கு 6% என ரயில்வே மாற்றியது. விற்கப்போகிற கடையின் வாடகையை ஏற்றிவிட்டு ‘வாங்க வாங்க’ என்றால் யார் வருவார்? 2022 செப்டம்பரில் சரக்கு முனையங்களுக்கு 1.5%, 35 ஆண்டுக் குத்தகை என அமைச்சரவை இறங்கி வந்தது. விற்பனை இன்னும் நடக்கவில்லை.

விற்பதா, வைத்துக்கொள்வதா என்பது நம் பார்வையில் இரண்டாவது கேள்வி. இழுவைக் கட்டணத்தையும் நில வாடகையையும் ரயில்வேக்கு வெளியே ஒருவர் பரிசீலிக்க வேண்டும். ரயில் கட்டணங்கள் பற்றிப் பரிந்துரைக்க ‘ரயில் மேம்பாட்டு ஆணையம்’ அமைக்க 2017 ஏப்ரலிலேயே அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. முதலில் அதற்கு உயிர் கொடுக்கட்டும். கான்காரின் விலையை அப்புறம் பேசலாம்.