ஆட வராதவர்கள் கொடுத்த வெற்றி

போன வாரம் எங்கள் காலனியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தாள். குறுவட்ட அளவிலான சாப்ட்பால் போட்டிக்குப் பெற்றோர் ஒப்புதல் கடிதம். "அம்மா கையெழுத்துப் போட மாட்டேங்குது மாமா, நீங்க வந்து சொல்லுங்க" என்றாள். போனேன். அவள் அம்மா நூறு நாள் வேலை முடித்து அப்போதுதான் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "அது என்ன ஆட்டம் அண்ணா? ஜெயிச்சா எங்க கூட்டிட்டுப் போவாங்க? நம்ம புள்ளைய ஆட விடுவாங்களா?" என்று கேட்டார். முதல் இரண்டு கேள்விகளுக்கும் அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவது கேள்விதான் என்னோடு வீடு வரைக்கும் வந்தது.

சாப்ட்பால் 1887இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்த ஆட்டம். பேஸ்பாலின் தங்கை என்று சொல்லலாம். பெயரில்தான் மென்மை; பந்து கையில் பட்டால் தெரியும். ஒரு பக்கம் ஒன்பது பேர். பந்தைத் தோளுக்கு மேலே கையைத் தூக்கி எறியக்கூடாது, இடுப்புக்குக் கீழே கையைச் சுழற்றி வீச வேண்டும். மட்டையால் அடித்தவர் நான்கு முனைகளையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். மூன்று பேர் அவுட் ஆனால் எதிரணியின் முறை. நம் அரசுப் பள்ளிகளில் பள்ளியில் தொடங்கி குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று இதற்கு ஓர் ஏணி இருக்கிறது.

சிறு பிள்ளைகளுக்கான இப்படிப்பட்ட ஏணியைப் பல ஆண்டுகளாக நடத்திவருவது அமெரிக்காவின் லிட்டில் லீக் அமைப்பு. 1939இல் பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் பையன்களின் பேஸ்பாலுக்காகத் தொடங்கியது. பெண் பிள்ளைகளுக்கு அங்கே வெகுகாலம் இடமில்லை. 1972இல் ஹோபோகன் நகரில் மரியா பெப்பே என்ற சிறுமி ஒரு லிட்டில் லீக் அணியில் மூன்று ஆட்டம் ஆடியதும் வெளியே அனுப்பப்பட்டாள். வழக்கு நடந்தது. 1974இல் கதவு திறந்தது. அதே ஆண்டில்தான் லிட்டில் லீக் சாப்ட்பாலும் தொடங்கியது. மரியாவுக்கு அதற்குள் வயது கடந்துவிட்டது.

அங்கே போட்டி நடக்கும் விதம் நம் உடற்கல்வி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு லீக்குக்கும் வரைபடத்தில் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் குடியிருக்கும் அல்லது படிக்கும் பிள்ளைகள்தான் அதில் ஆடலாம். முதலில் உள்ளூர்ப் பருவம். ஒரே ஊரின் பிள்ளைகள் நான்கைந்து அணிகளாகப் பிரிந்து தங்களுக்குள் ஆடுவார்கள். பட்டியலில் பெயருள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தபட்ச நேரம் களத்தில் நிற்கவும், ஒரு முறையாவது மட்டை பிடிக்கவும் வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. சீருடை போட்டுக்கொண்டு கடைசிவரை பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் காக்கும் பிள்ளை அங்கே இருக்கக்கூடாது. (நம் பக்கம் அந்தப் பெஞ்சில் எந்தத் தெருப் பிள்ளைகள் உட்காருகிறார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.)

பருவம் முடிந்ததும் அந்த அணிகளிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஓர் ஆல் ஸ்டார் அணி. வயதுச் சான்று, குடியிருப்புச் சான்று எல்லாம் ஒரு கோப்பில் இருக்க வேண்டும். பிறகு மாவட்டம், மாநிலம், மண்டலம். கடைசியில் உலகத் தொடர். 12 வயது வரையுள்ள சாப்ட்பால் பிள்ளைகளுக்கு அது இப்போது வடக்கு கரோலினாவின் கிரீன்வில் நகரில் நடக்கிறது. கீழ்க் கட்டங்களில் பெரும்பாலும் இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றம். நம் குறுவட்டப் போட்டியில் ஒரே தோல்வி, கதை முடிந்தது. விடியற்காலை பஸ் பிடித்து வந்த கிராமத்துப் பிள்ளைகள் பத்து மணிக்கெல்லாம் திரும்புவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு ஒழுங்காகக் கட்டிய ஏணியின் முதல் படியில்தான் 1955இல் அது நடந்தது.

தெற்கு கரோலினாவின் சார்லஸ்டன் நகரம். சாப்ட்பால் பிரிவு வருவதற்கு முந்தைய காலம், பேஸ்பால்தான். கேனன் தெரு ஒய்.எம்.சி.ஏ. கறுப்பினத்தவருக்கானது. அதன் தலைவர் ராபர்ட் மாரிசன் பிள்ளைகளுக்காக லிட்டில் லீக் அணிகளை உருவாக்கினார். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பையன்கள். முறைப்படி பதிவு செய்து, ஆல் ஸ்டார் அணியைத் தேர்ந்தெடுத்து, நகரப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். பள்ளிகளில் நிறப் பாகுபாடு கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி ஓராண்டுதான் ஆகியிருந்தது. நகரப் போட்டியில் வெள்ளையர் அணிகள் ஆட மறுத்து விலகின. மாநிலப் போட்டியிலும் அப்படியே, வெள்ளையர் அணிகள் அனைத்தும் விலகிக்கொண்டன. ஒரு பந்துகூட வீசாமல் கேனன் தெரு அணி மாநிலச் சாம்பியன் ஆனது.

அடுத்தது ஜார்ஜியா மாநிலத்தின் ரோம் நகரில் மண்டலப் போட்டி. இங்கேதான் தலைமையகம் ஒரு விதியை எடுத்து நீட்டியது. ஆடி வென்ற அணிதான் மேலே போகலாம். வாக் ஓவரில் வந்த அணி போக முடியாது. கறுப்பு அணியை ஒதுக்கிவிட்டுப் போட்டி நடத்தத் தலைமையகம் சம்மதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நியாயம் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆட மாட்டேன் என்றவனின் குற்றத்துக்கு, ஆட வந்தவன் தண்டனை வாங்கினான்.

அந்தப் பிள்ளைகளை வில்லியம்ஸ்போர்ட்டுக்கு விருந்தினராக அழைத்தார்கள். பஸ்ஸில் போனார்கள். சீருடையில் மைதானத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம் பந்து பிடித்தார்கள். அவர்களை ஆட விடுங்கள் என்று கூட்டத்திலிருந்து குரல் எழுந்தது. பிறகு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தார்கள். மிசிசிப்பியில் எம்மட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டதும் அந்த ஆகஸ்ட் மாதத்தில்தான். விலகிப்போன வெள்ளையர் அணிகள் சும்மா இருக்கவில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று விதியில் எழுதிவைத்துத் தனி அமைப்பே தொடங்கிவிட்டார்கள்.

இந்த வரலாற்றை முதன்முதலில் படித்தபோது எனக்கு அமெரிக்கா ஞாபகத்துக்கு வரவில்லை. பிளஸ் டூ படித்த காலத்தில் பக்கத்து ஊரில் ஆடிய பொங்கல் கிரிக்கெட் போட்டிதான் வந்தது. வீட்டுக்கு வீடு வசூல் செய்து நுழைவுக் கட்டணம் கட்டி, 'காலனி டீம்' என்றே பெயர் எழுதப்பட்டு, நாங்கள் பதினொரு பேர் போனோம். முதல் ஆட்டத்துக்கு எதிரணி வரவில்லை. மைக்கில் வாக் ஓவர் என்றார்கள். கைதட்டி மகிழ்ந்தோம், விவரம் தெரியாத வயது. இரண்டாவது ஆட்டத்துக்கும் யாரும் வரவில்லை. மூன்றாவதுக்கும் வரவில்லை. சாயங்காலம் ஒருவர் வந்து, "ஆடாம வந்த டீமுக்கு பைனல் கிடையாது தம்பி" என்று கட்டணப் பணத்தை எங்கள் கேப்டன் கையில் திணித்தார். ஒரு வசவு இல்லை, ஒரு அடி இல்லை. போலீசில் சொல்வதற்கும் ஒன்றும் இல்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தோம்.

தீண்டாமை எப்போதும் இரட்டைக் குவளையோடு வருவதில்லை. சில நேரம் வராமலே இருந்து வேலையை முடித்துவிடும்.

பெரியவர்கள் அன்று சொன்னது சரியல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடங்களைச் சாதியின் பெயரால் யாருக்கும் மறுக்கக்கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொதுச் சொத்தையும் பொது இடங்களையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஊர் மைதானம் புறம்போக்கில் இருந்தால், அது ஒரு தெருவின் மைதானம் அல்ல. ஒரு சாதிக்கு மட்டும் என்று நோட்டீஸ் அடித்துப் பொது மைதானத்தில் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஊராட்சியும் காவல் நிலையமும் எப்படி அனுமதி தருகின்றன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

போட்டி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாக் ஓவர் விதியைத் திருப்பிப் போடுங்கள். காரணமில்லாமல் வராத அணிக்கு அடுத்த ஆண்டு இடம் கிடையாது, வந்து நின்ற அணி மேலே போகும் என்று நோட்டீஸிலேயே அச்சடியுங்கள். ஏன் வரவில்லை என்று எழுதி வாங்குங்கள். பள்ளிப் போட்டிகளிலும் இது வேண்டும். மாவட்ட அளவு, மாநில அளவு என்று கையில் வரும் சான்றிதழ் வெறும் காகிதம் இல்லை. கல்லூரிச் சேர்க்கைக்கும் அரசு வேலைக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டில் நீட்டுவதற்கு நம் பிள்ளைகளிடம் வேறு எதுவும் இருப்பதில்லை.

கேனன் தெருப் பையன்களை லிட்டில் லீக் 2002இல் மறுபடி வில்லியம்ஸ்போர்ட்டுக்கு அழைத்தது. 1955ஆம் ஆண்டின் மாநிலச் சாம்பியன் என்று எழுதிய பதாகையைக் கொடுத்தது. வாங்கியவர்களுக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. போட்டி நாளன்று நானும் மைதானத்துக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆட்டம். எதிரணி எது என்று இன்னும் பட்டியல் ஒட்டவில்லை.